வேலையின் வாசலும் நடுவில் நிற்கும் ஆளும்

இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டியோ, இருக்கிற வேலையைத் தன்னால் வாங்கித் தர முடியும் என்று நம்பவைத்தோ, ஒருவருடைய பணத்தையும் ஆவணங்களையும் உழைப்பையும் பறிப்பது வேலைவாய்ப்பு மோசடி. இதில் மூன்று தரப்பு உண்டு: வேலை தேடுபவர், வேலை கொடுப்பதாகச் சொல்லப்படும் நிறுவனம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆள். நிறுவனம் பெரும்பாலும் உண்மையானதாகவே இருக்கும். ரயில்வே உண்மை, கடற்படை உண்மை, தேர்வாணையம் உண்மை, துபாயில் கட்டடம் எழுப்பும் கம்பெனியும் உண்மை. பொய் முளைக்கும் இடம் நடுவில்தான். வேலை தேடுபவர் அந்த நிறுவனத்தின் வாசலுக்கு நேரே போய், "இப்படி ஒரு வேலை இருக்கிறதா?" என்று கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே நடுவில் நிற்பவரின் தொழில். ஆகவே போலியை அடையாளம் காணும் கலை என்பது, ஒவ்வொரு வேலைக்கும் உரிய வாசல் எது என்று தெரிந்துகொண்டு, அங்கே நேரே போய்க் கேட்கும் பழக்கம்தான். இவ்வுரை அரசு வேலை, வெளிநாட்டு வேலை, கைப்பேசி வழி வரும் வேலை என்ற மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கரையின் நிலை

ராமநாதபுரம் மாவட்டத்தின் உச்சிப்புளியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலம் மழையை நம்பியது. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மற்ற நாட்களிலும் பாக் நீரிணையில் வலை இறக்குவது நிம்மதியான பிழைப்பாக இல்லை. வளர்ச்சியில் முன்னேற வேண்டிய மாவட்டங்கள் என்று ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்ட பட்டியலில் ராமநாதபுரமும் இருக்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் என்று படித்து முடித்த பிள்ளைக்கு உள்ளூரில் சம்பளம் தரும் இடங்கள் குறைவு. அதனால் வேலை என்றாலே அது வெளியிலிருந்து வர வேண்டிய ஒன்று, யாராவது ஒருவர் கொண்டுவந்து தர வேண்டிய ஒன்று என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

இந்த எண்ணத்துக்கு நியாயமான வரலாறும் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம், பனைக்குளம், அழகன்குளம் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய விசாவில்தான் போனார்கள். அந்தச் சங்கிலி நேர்மையானது. அதனால் வீடுகள் எழும்பின, கல்யாணங்கள் நடந்தன, தம்பிகள் படித்தார்கள். மோசடிக்காரர் கைவைப்பது இந்த நம்பிக்கையில்தான். "ஆள் நம்ம ஆளுதான்", "அந்த ஊர்ல நாலு பேரு போயிருக்காங்க" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் மரியாதைக்குப் பயந்து வாயடைத்துப் போகின்றன. பல நேரங்களில் ஊருக்குள் பணம் வாங்கும் துணை ஏஜென்டுக்கே மேலே இருப்பவர் யார் என்று தெரியாது. அவர் சொந்தக்காரராக இருக்கலாம், நல்லவராகக்கூட இருக்கலாம். அவருடைய நல்ல குணம் அந்த வேலைக்குச் சான்றாகாது.

அரசு வேலை: எண்ணப்பட்ட ரயில்கள்

2022 ஜூன், ஜூலை மாதங்களில் புதுதில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்றார்கள். வருகிற ரயில்கள் எத்தனை, போகிற ரயில்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் பெட்டிகள் எத்தனை என்று எண்ணிக் குறித்தார்கள். டிக்கெட் பரிசோதகர், போக்குவரத்து உதவியாளர், எழுத்தர் ஆகிய பணிகளுக்கு இதுவே பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஒரு மாதம் எண்ணினார்கள். பிறகு கைக்கு வந்த பணி ஆணைகளை எடுத்துக்கொண்டு போனபோதுதான் அவை போலி என்று தெரிந்தது. ஒவ்வொருவரும் 2 லட்சம் முதல் 24 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம். அவர்களை அந்தக் கும்பலிடம் அறிமுகப்படுத்தியவர் வயது முதிர்ந்த ஒரு முன்னாள் ராணுவ வீரர். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுவதாக நம்பியே அதைச் செய்தார். தில்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்ததும் அவரே.

இந்த வழக்கை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். நிலையம் உண்மை, ரயில்கள் உண்மை. ரயில்வே மருத்துவமனைக்கும் அழைத்துப் போய் உடற்பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தவை எல்லாம் அசல். இல்லாமல் போனவை வேறு: வேலைக்கான அறிவிப்பு எண் இல்லை, தேர்வு இல்லை, பதிவெண் இல்லை, வெளியான முடிவுப் பட்டியலில் பெயர் இல்லை. ரயில்வே தேர்வு வாரியம் ஆள் எடுக்கும் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் அறிவிப்பு, பிறகு விண்ணப்பம், கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவம், கடைசியில் ஆணை. அந்த 28 பேருக்கும் பணம் கட்டுவது முதலில் வந்தது, தேர்வு வரவே இல்லை. படிகளின் வரிசை புரண்டிருந்தால், நடுவில் காட்டப்படும் அலுவலகமும் முத்திரையும் சீருடையும் எவ்வளவு அசலாக இருந்தாலும் வேலை போலி.

அரசு வேலையில் இன்னொரு வகை உண்டு. அதில் வேலை உண்மை, தேர்வும் உண்மை. அதைக் கள்ள வழியில் கடக்கலாம் என்று தரகர் சொல்வார். அதன் வடு இந்த மாவட்டத்தின் மேலேயே இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வில், முதல் நூறு இடங்களில் மிகப் பலர் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்களாக இருந்தார்கள். அவர்களில் பலர் வெளிமாவட்டத்துக்காரர்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தபோது முறைகேடு வெளியே வந்தது. சிறிது நேரத்தில் அழிந்துவிடும் மையால் விடைகளைக் குறித்துவிட்டு வந்திருக்கிறார்கள். விடைத்தாள் கட்டுகள் சென்னைக்குப் போகும் வழியில் தரகர்கள் சரியான விடைகளை நிரப்பியிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. தரவரிசையில் முதல் நூற்றுக்குள் இருந்த 39 பேரின் இடங்களில் தகுதியான வேறு தேர்வர்கள் வந்தார்கள். கைதுகளும் நடந்தன.

அந்த 99 பேரும் பணத்தை இழந்ததோடு, இனி அந்த ஆணையத்தின் எந்தத் தேர்வையும் எழுதும் உரிமையையும் இழந்தார்கள். நேர்மையாக எழுதியவர்கள் மீதும் சில வாரங்கள் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. அதன் பிறகு தேர்வாணையம் முறையை மாற்றியது. விடை தெரியாத கேள்விக்கு 'E' என்ற ஐந்தாவது கட்டத்தை நிரப்ப வேண்டும். எந்தெந்த எழுத்துக்கு எத்தனை விடை நிரப்பப்பட்டது என்பதைத் தேர்வரே எண்ணிக் குறிக்க வேண்டும். பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும். காலியாக விட்ட கட்டத்தைப் பிறகு யாரும் நிரப்ப முடியாதபடி செய்ய வந்த ஏற்பாடு இது. "உள்ளே ஆள் இருக்கு, காசு குடுத்தா சோலி முடிஞ்சுரும்" என்று இன்றும் ஒருவர் சொன்னால், அவர் விற்பது ஒன்று வெறும் பொய்யாக இருக்கும், இல்லையென்றால் குற்றத்தில் ஒரு பங்காக இருக்கும். இரண்டிலும் வாங்குபவருக்கு நட்டம்.

உச்சிப்புளிக்கு அருகில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை வான்தளம் இருக்கிறது. வேலிக்குள் விமானங்கள் இறங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குக் கடற்படை தொலைவான கனவு அல்ல. ஆனால் வான்தளம் பக்கத்தில் இருப்பதால் அதன் வேலை வாசலும் பக்கத்தில் இருப்பதாக ஆகாது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி அக்னிவீரர் ஆவதற்கு விண்ணப்பம் கடற்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில்தான். பிறகு எழுத்துத் தேர்வு, உடல்தகுதி, மருத்துவம். தளத்தில் பணிபுரியும் யாரும், எந்தப் பதவியில் இருந்தாலும், தனியாக ஆள் எடுக்க முடியாது. தேர்வுக் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அது இணையதளத்திலேயே கட்டப்படும், தனிமனிதரின் கூகுள் பே எண்ணுக்குப் போகாது.

வெளிநாட்டு வேலை: சட்டம் வைத்திருக்கும் வாசல்

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் ஒன்றிய அரசிடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அது இல்லாமல் ஆள் சேர்த்தால் சிறைத் தண்டனை உண்டு. பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பெயர், முகவரி, பதிவு எண் ஆகிய அனைத்தும் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கின்றன. ஏஜென்டின் அலுவலகச் சுவரில் தொங்கும் சான்றின் எண்ணை அந்தத் தளத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெயர் பொருந்துகிறதா, முகவரி பொருந்துகிறதா, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மோசடிக்காரர்கள் நல்ல நிறுவனத்தின் எண்ணைத் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. எனவே தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கே பேசி, "இந்த ஆள் உங்கள் ஆளா?" என்று கேட்டுவிடுவது நல்லது. ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீது கொடுத்தாக வேண்டும். "விசா காசு" என்று ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கப்படும்போதே சட்டம் மீறப்பட்டுவிட்டது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையைச் சேர்ந்தது. அவர்கள் சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும்; இதற்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பலர் இதைத் தங்களை மறிக்கும் சுவராக நினைக்கிறார்கள். உண்மையில் அது அவர்களுக்கான காவல். அங்கேதான் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பவை பதிவாகின்றன. 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் அந்தப் பதிவோடு சேர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு அதன் தவணை 275 ரூபாய்தான். இந்தக் காவலைத் தாண்டவைக்கத் துணை ஏஜென்ட் சொல்லும் வழி ஒன்றே: "விசிட் விசால போயிரு, அங்க போயி மாத்திக்கிரலாம்." அப்படிப் போனவர் அரசின் கணக்கில் சுற்றுலாப் பயணி. முதலாளி சம்பளம் தராவிட்டாலும், வேறு வேலைக்கு மாற்றினாலும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாலும், அவர் கையில் காட்டுவதற்கு ஒப்பந்தம் இருக்காது. சுற்றுலா விசாவில் வேலை செய்தது அந்த நாட்டில் அவருடைய குற்றமாகவே ஆகிவிடும்.

படித்தவர்களுக்கு விரித்த வலை இன்னும் கொடியது. 2022இல் தாய்லாந்தில் "டேட்டா என்ட்ரி", "டிஜிட்டல் மார்க்கெட்டிங்" வேலை என்று அழைக்கப்பட்ட ஐ.டி. இளைஞர்கள் பாங்காக்கில் இறங்கினார்கள். அங்கிருந்து காரில் மே சோட் என்ற எல்லை ஊருக்கு, பிறகு மோய் ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவடிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். வேலி போட்ட வளாகங்களில் ஆயுதக் காவலுக்குள் அடைத்து, இணையத்தில் அயலாரை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடியும் பட்டினியும். அந்த செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. தமிழர்களை மீட்கக் கோரி தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து அழைத்து வந்தன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு கட்டாய மோசடி வேலையில் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கம்போடியா, லாவோஸ், மியான்மர் ஆகியவை அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. பட்டதாரியின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதியும் தேவையில்லை. சட்டத்தின் காவல் தொடாத இந்த இடைவெளியில் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் போகிறவரையும் அவர் வீட்டாரையும் சேர்கிறது.

ஒரு பணிக் கடிதத்தைப் படிக்கும் விதம்

வாட்ஸ்அப்பில் வந்து சேரும் போலிப் பணிக் கடிதங்கள் அநேகமாக ஒரே சாயலில் இருக்கும். மேலே பெரிய நிறுவனத்தின் முத்திரை, கீழே நீல மையில் ஒரு கையெழுத்து, வட்ட ரப்பர் ஸ்டாம்ப். அதைக் கையில் எடுத்ததும் சம்பளத் தொகைக்குத்தான் கண் போகும். போக வேண்டிய இடங்கள் வேறு. முதலில் அனுப்பியவரின் மின்னஞ்சல்: பெரிய நிறுவனம் தன் சொந்தப் பெயரிலான முகவரியிலிருந்து எழுதும், இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து எழுதாது. இரண்டாவது, பணியின் பெயரும் இடமும்: "அலுவலகப் பணி" என்று பொதுவாக இருந்தால் போதாது, எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று இருக்க வேண்டும். மூன்றாவது, கடிதத்தில் உள்ள பெயருக்குரியவர் விண்ணப்பித்தாரா, நேர்காணலில் யாராவது வேலை பற்றிக் கேள்வி கேட்டார்களா என்பது. வெல்டருக்கு வெல்டிங் தெரியுமா என்று சோதிக்காமலேயே 90,000 ரூபாய் சம்பளம் தருகிற முதலாளி உலகில் கிடையாது. நான்காவது, பணம். உண்மையான முதலாளி ஆளின் கைத்திறனைச் சோதிப்பார். போலி ஆள் வீட்டில் நகை எவ்வளவு, நிலம் எவ்வளவு என்பதை மட்டும் விசாரிப்பார். ஐந்தாவது, அவசரம். "சீட்டு ரெண்டே ரெண்டுதான் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள போடு" என்பது யோசிக்கவும் விசாரிக்கவும் நேரம் தராமல் இருப்பதற்கான பேச்சு. ஆறாவது, ரகசியம். "யாருட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுரும்" என்று சொல்லப்படும் வேலையை அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லி விசாரிக்க வேண்டும்.

அசல் பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் முன்கூட்டியே ஏஜென்டிடம் கொடுத்துவிடுவது இன்னொரு கண்ணி. பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாமல், அவற்றை மீட்பதற்காகவே மேலும் பணம் கட்டியவர்கள் உண்டு. விசா குத்துவதற்காக பாஸ்போர்ட் கொடுக்க வேண்டி வந்தால், ரசீது வாங்கி, எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிட்டே கொடுக்க வேண்டும்.

கைப்பேசி வழி வரும் வேலை

வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் அழைப்புகள் பெண்களையும் கல்லூரி மாணவர்களையும் குறிவைக்கின்றன. யூடியூப் காணொளிக்கு லைக் போட வேண்டும், ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும். முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். அந்த 150 ரூபாய்தான் தூண்டில் இரை. அடுத்த வேலைக்கு 1,000 கட்டச் சொல்வார்கள், 1,300 திரும்ப வரும். பிறகு 10,000, 50,000. திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் "வரி கட்டுங்கள்", "கணக்கு முடங்கிவிட்டது, திறக்கக் கட்டணம்" என்று பதில் வரும். சம்பளம் வாங்குவதற்காகத் தொழிலாளி முதலாளிக்குப் பணம் கட்டும் வேலை எங்கும் இல்லை என்ற ஒரு விதியை மனதில் வைத்தால் இது முழுவதையும் தவிர்க்கலாம். இத்தகைய பகுதிநேர வேலை மோசடியோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. ஆனாலும் புதிய பெயர்களில் முளைத்தபடியே இருக்கின்றன.

இதைவிட ஆபத்தானது, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. "உங்க அக்கவுன்ட்ல பணம் வரும், நாங்க சொல்ற நம்பருக்கு அனுப்பிவிட்டா கமிஷன்" என்பதை வேலை என்றே சொல்வார்கள். வருகிற பணம் வேறொருவரிடம் திருடியது. காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். சிம் கார்டும், ஏ.டி.எம். கார்டும், பாஸ்புக்கும் எந்த வேலைக்காகவும் கை மாறக் கூடாதவை.

ஏமாந்தபின் செய்ய வேண்டியவை

இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்லப்படுகிறதோ அவ்வளவு பணத்தை வங்கிகள் வழியில் நிறுத்திவைக்க முடியும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் போன பணம் போனதுதான். உரையாடல்கள், பரிவர்த்தனை எண்கள், அனுப்பியவரின் எண் ஆகியவற்றை அழிக்காமல் படம் எடுத்து வைக்க வேண்டும்.

நேரில் பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் வழக்குகளை மாவட்டக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலுக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எந்தத் தேதி, எந்த இடம், யார் உடனிருந்தார்கள், எந்த நகையை எந்தக் கடையில் அடகு வைத்துக் கொடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும். அடகுச் சீட்டும் ஒரு சான்றுதான். வெளிநாட்டில் சிக்கியவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தையும், வீட்டார் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையையும் அணுக வேண்டும். போகும் முன் வேலை தேடுபவர்களுக்கும் அரசு வழி ஒன்று இருக்கிறது: 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், செவிலியர் முதல் ஓட்டுநர் வரை நேரடியாக ஆள் அனுப்புகிறது.

எல்லாவற்றையும் விட மோசடிக்காரரைக் காப்பது ஏமாந்தவரின் வெட்கம். ஊர் சிரிக்கும், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும், பணம் வாங்கியவர் சொந்தக்காரர் என்று குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. கொடுத்ததில் பாதியாவது வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் அதே ஆள் அடுத்த தெருவில் வேறொரு வீட்டில் உட்கார்ந்து, அதே கடிதத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். ஒரு வீடு புகார் கொடுத்தால் அதன் பணம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அடுத்த வீட்டுத் தாய் தாலிச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டு போவது அதனால் நிற்கும். பள்ளிவாசல் ஜமாத், ஊர்க் கமிட்டி, கோயில் பங்கு, கிராம சபை, மகளிர் சுயஉதவிக் குழு என்று இந்தக் கரையில் மக்கள் கூடும் இடங்கள் ஏராளம். வெளியூர் ஏஜென்ட் ஒருவர் ஊருக்குள் வந்தால் அவருடைய பதிவு எண்ணை அங்கே கேட்டு வாங்கி, விவரம் தெரிந்த ஒரு பிள்ளை கைப்பேசியில் அதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே எந்த வீட்டிலிருந்தும் பணமும் பாஸ்போர்ட்டும் வெளியே போக வேண்டும்.